பெட்டியை அடுக்கியவன்

ஆகஸ்ட் 9

மகளுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இரண்டு மாதமாக உன் அம்மா போனை என் காதருகே நீட்டுவதும் நான் எழுந்து மாடிக்குப் போவதுமாக இருக்கிறோம். குழம்பில் உப்பில்லை என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டேன், தின்றுவிட்டுப் போகிறேன். போனில் பேசினால் பாதியில் என் குரல் உயரும், நீ அழுவாய், அம்மா பிடுங்கிக்கொள்வாள். தாளில் அந்த வசதி யாருக்கும் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் வங்கியில் வரிசையில் நின்றிருந்தேன். காசாளர் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "சார், உங்க பொண்ணும் என் பையனும் ஒரே கிளாஸாமே! ரெண்டும் கல்லையும் மண்ணையும் தூக்கிக்கிட்டு அலையுதாம். அப்பா வழியிலயே வந்துடுச்சு போல!"

"இல்ல சார், அவ கம்ப்யூட்டர்" என்றேன்.

"அட, போட்டோவைப் பாருங்க."

மஞ்சள் ஹெல்மெட், கையில் சுத்தியல், முகம் முழுக்கப் புழுதி. பல் மட்டும் உன்னுடையது. வந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். யாருடைய ஸ்கூட்டரிலோ என் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஒரு வருடம். ஒரு வருடம் முழுக்க என் மகள் கணினிப் பொறியியல் படிக்கிறாள் என்று தெரிந்தவன் தெரியாதவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். விடுமுறைக்கு வந்தபோது லேப்டாப் ஓடவில்லை என்று உன்னிடம் தந்தேன். நீயும் ஏதோ தெரிந்தவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அணைத்துப் போட்டுத் தந்தாய். அம்மா பக்கத்தில் நின்று "பாத்தீங்களா!" என்றாள். இருவரும் சேர்ந்து என்னை வைத்து நாடகம் ஆடியிருக்கிறீர்கள்.

எந்தத் துறை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். புவி அறிவியல் பொறியியல்! அதுவும் அந்தப் பல்கலைக்கழகத்தில், அவன் தலைமையில்!

உன் துறைத்தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தியல். கண்ட கல்லையெல்லாம் தட்டிப் பார்ப்பான். கேன்டீன் படிக்கட்டைக்கூட விட்டுவைத்ததில்லை. அங்கே ஒன்றாகப் படித்த கடைசி வருடம் அவனும் நானும் சேர்ந்துதான் பல்கலைக்கழகக் குன்றின் சரிவில் துளை போட்டோம். துளையிலிருந்து வரும் கல் உருளைகளை, 'கோர்' என்போமே, அவற்றை வந்த வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்க வேண்டும், புத்தகம் வாசிப்பது போல இடது மேல் மூலையிலிருந்து. உனக்கே இப்போது இது மனப்பாடமாகியிருக்கும். துளையருகே நின்று அடுக்கியது நான். கல்லெல்லாம் சேறு பூசி வந்தது. இரண்டு மீட்டர் ஆழத்தில் களிமண் வந்தது, வழவழவென்று, நனைந்த சோப்புக் கட்டி போல. என் கையால் எடுத்து அதன் இடத்தில் வைத்தேன்.

துறைக் கிடங்கில் கோர் துண்டுகளைக் கழுவியது அவன். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கழுவி முடித்திருந்தான்.

"டேய், தலைகீழா அடுக்கியிருக்கடா! பாரு, பெரிய மணல் மேல இருக்கு, பொடி மணல் கீழ இருக்கு. எந்த மூலையிலேர்ந்து ஆரம்பிச்ச?"

தண்ணீரில் பெரிய மணல்தான் முதலில் அடியில் படியும். நானும் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு துண்டிலும் அவன் சொன்னபடிதான் இருந்தது. ஆனால் நான் அடுக்கியது சரி. அப்படியானால் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: கழுவும்போது அவன் ஒவ்வொரு துண்டையும் மேல் கீழாகத் திருப்பி வைத்திருக்கிறான். துறையில் காலியாக இருந்தது ஒரு விரிவுரையாளர் வேலை. தகுதியானவர்கள் நாங்கள் இருவர்.

பேராசிரியர் அவனை நம்பினார். அவன் எழுதிய அறிக்கையில் எட்டு மீட்டர் துளையின் வரிசையையே கவிழ்த்து, இரண்டு மீட்டரில் இருந்த களிமண்ணை ஆறு மீட்டருக்குக் கொண்டுபோனான். என் பெயருக்குப் பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினான். அன்றோடு கிடங்குக்குள் என்னை விடவில்லை. அவன் இன்று துறைத்தலைவர். நான் ஊர் ஊராக, ஆழ்துளை போடும் போர் வண்டிக்குப் பின்னால் புழுதி தின்கிறேன்.

அவன் முன்னால் போய் என் மகள் "சார்" என்று நிற்கிறாள். இந்தப் பருவம் முடிவதற்குள் துறை மாறிக்கொள்.

அப்பா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அப்பா,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததுமே படிக்கட்டிலேயே உட்கார்ந்து பிரித்தேன். லேப்டாப் இடத்தில் மட்டும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உண்மையாகவே அன்று அதை அணைத்துப் போட்டதோடு சரி.

பொய் சொன்னது தப்புதான். ஆனால் கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா? பஸ்ஸில் போகும்போது சாலைக்காக வெட்டிய மலை வந்தால், பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பது யார்? அதைப் பார்த்து வளர்ந்தவள் வேறு என்ன படிப்பாள்?

சாரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று வகுப்பில் அவர் முகத்தையே பார்க்க முடியவில்லை. அவரா என்று அதிர்ச்சியாக இருந்தது. என் விண்ணப்பத்தில் உங்கள் பெயரைப் பார்த்தும் அவர் போன வருடம் முழுக்க ஒன்றும் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை நடைபாதையில் நிறுத்தினார்.

"அப்பா நல்லா இருக்காராம்மா?"

"இருக்கார் சார்."

"இன்னும் கோபம்தானா?"

"எங்க வீட்டுல மூணு வேளையும் அதான் சார்."

உரக்கச் சிரித்தார். அப்புறம் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். துண்டுகளைத் திருப்பி வைத்த ஆள் போலத் தெரியவில்லை. ஆனால் உங்களை நம்பாமலும் இருக்க முடியவில்லை.

இந்த வருடம் எங்களைப் புது விடுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். குன்றுச் சரிவில், ஜன்னலைத் திறந்தால் ஊரே காலடியில் தெரியும். அழகுதான், கட்டிய லட்சணம்தான் சரியில்லை. திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கதவு நிலையில் இடிக்கிறது. போன வாரம் மழை பெய்ததிலிருந்து குளியலறைத் தாழ்ப்பாள் விழுவதே இல்லை. உள்ளே போகிறவர் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறோம். பேனாவைத் தரையில் வைத்தால் ஜன்னல் பக்கமாக உருண்டு ஓடுகிறது. "உன் பேனாவுக்கும் உன்ன மாதிரியே ஊர் சுத்துற புத்தி" என்கிறாள் என் அறைத்தோழி.

துறை மாற மாட்டேன், அப்பா. திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 21

மகளுக்கு,

துறை மாறுவதைப் பிறகு பார்க்கலாம். உன் போன் காலையிலிருந்து கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த விடுதி எங்கே இருக்கிறது?

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, சரிவின் விளிம்பில், மூக்கு போல ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்குமே, அங்கேயா? அங்கேதான் என்றால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்காதே. தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே வா. அறைத்தோழியையும் இழுத்துக்கொண்டு வா.

உன் பேனா ஓடுவதைப் படித்தபோது கையில் காப்பி இருந்தது. எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அம்மா அதை அலமாரியில் துணிகளுக்கு நடுவே கண்டுபிடித்தாள்.

எங்கள் துளை அங்கேதான். அறிக்கையை நம்பியிருப்பார்கள். ஒன்றரை மீட்டர் தோண்டியதும் பாறை தட்டியிருக்கும், போதும் என்று அதன் மேல் தூணை நிறுத்தியிருப்பார்கள். அந்தப் பாறையின் கனம் முழங்கால் அளவுகூடக் கிடையாது. அதற்குக் கீழே சோப்புக் கட்டி. மழைத் தண்ணீர் இறங்கினால் அது வழுக்காமல் என்ன செய்யும்?

என்னைக் கவிழ்ப்பதற்காகக் கவிழ்த்த கல்லின் மேல் பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறான். என் வேலையைத்தான் தின்றான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கிடங்கில் அந்தப் பெட்டி இருக்கும். கோர் துண்டுகளை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். துண்டுகளை எடுத்து உடைந்த முனையோடு முனை சேர்த்துப் பார். ஒவ்வொன்றையும் திருப்பி வைத்திருந்தால் ஒரு முனைகூட அடுத்ததோடு பொருந்தாது. அதைக் கொண்டுபோய் அவன் மூக்குக்கு நேரே வை. அன்று என்னைச் செய்ய விட்டிருந்தால் அன்றே செய்திருப்பேன்.

அப்பா


ஆகஸ்ட் 27

அப்பா,

அங்கேதான். மூக்குப் பாறை எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. பயப்படாதீர்கள், நாங்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

பெட்டியைக் கண்டுபிடித்தேன். கடைசி அடுக்கில், ஓரத்தில் உங்கள் கையெழுத்தோடு இருந்தது. களிமண் காய்ந்து வெடித்துப்போய் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பக்கத்துத் துண்டுகளை எடுத்து முனையோடு முனை சேர்த்தேன்.

பொருந்துகின்றன, அப்பா. எல்லாத் துண்டும். பூட்டுக்குள் சாவி போவது போலப் போய் உட்காருகின்றன. யாரும் எதையும் திருப்பி வைக்கவில்லை.

ஆனால் மணல் தலைகீழாகத்தான் இருக்கிறது. பெரியது மேலே, பொடி கீழே. அப்படியென்றால் நீங்கள்தான் தப்பான மூலையில் தொடங்கியிருக்கிறீர்கள், வீட்டில் நாங்கள் கேட்டு வளர்ந்ததெல்லாம் பொய் என்று நினைத்தேன். கிடங்குத் தரையில் உட்கார்ந்து அழுதேன். உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விடுதிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். மழையில் சரிவு ஒரு பக்கம் இடிந்து, புதுப் பாறை முகம் தெரிந்தது. பழக்க தோஷத்தில் லென்ஸை வைத்தேன்.

அந்த மலையிலேயே அப்படித்தான் இருக்கிறது. பெரிய மணல் மேலே, பொடி மணல் கீழே. ஒவ்வொரு அடுக்கிலும்.

சாரை இழுத்துக்கொண்டு வந்தேன். நான் எதுவும் சொல்லவில்லை, லென்ஸைக் கொடுத்தேன். ஒரு அடுக்கைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், மறுபடி முதலுக்கு வந்தார். பிறகு நீட்டியிருந்த பாறைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். ஆற்று மணலில் அலை விட்டுப்போகும் வரி வரியான மேடு இருக்குமே, அது பாறையின் மேல்பக்கத்தில் இல்லை, அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மலையே கவிழ்ந்து கெடக்கும்மா" என்றார். "போர்வையை மடிச்சா அடிப்பக்கம் மேல வருதுல்ல, அப்படி மடிஞ்சு கெடக்கு. இத்தன வருஷமா பசங்களுக்கு இதே குன்றைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கேன்."

பிறகு, "அவன் சரியாத்தான் அடுக்கியிருக்கான்" என்றார். பேன்ட்டோடு அந்தச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அவரைத் தூக்கிவிடக்கூடத் தோன்றவில்லை. அவர் நீங்கள் தப்பாக அடுக்கினீர்கள் என்று நம்பியிருக்கிறார். நீங்கள் அவர் திருப்பி வைத்தார் என்று நம்பியிருக்கிறீர்கள். இரண்டு பேருமே எதையும் செய்யவில்லை.

அன்று மாலையே விடுதியைக் காலி செய்ய வைத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தலையில் மெத்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். இப்போது எல்லாரும் உள்விளையாட்டு அரங்கில் படுக்கிறோம். என் இடம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்.

உங்கள் மகள்


செப்டம்பர் 1

மகளுக்கு,

கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாய் என்பது வரை நிம்மதி.

அவன் நடிக்கிறான் என்று எழுதத் தொடங்கி இரண்டு தாள் கிழித்தேன். மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு யாரும் நடிக்க மாட்டார்கள்.

அவன் அந்தத் துண்டுகளைத் திருப்பியதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததில்லை, தெரியும். ஆனால் இத்தனை வருடத்தில் அது கண்ணால் கண்டது போலவே ஆகிவிட்டது. தகர வாளி, அவன் ஈரக் கை, கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக அவன் கவிழ்ப்பது. ஒரு துண்டு அவன் கையிலிருந்து நழுவிக்கூட இருக்கிறது. அது நடக்கவே இல்லை என்கிறாய்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறேன். அம்மா வந்து விளக்கைப் போட்டு, "என்னங்க, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த ஒரு சொல்தான் நான் அவளிடம் ஜூனுக்குப் பிறகு பேசியது.

இப்போது வேறு எதுவும் கேட்காதே.

அப்பா


செப்டம்பர் 5

அப்பா,

கேட்காதே என்றீர்கள். கேட்டே ஆக வேண்டும்.

நேற்று பதிவாளர் அறையில் கூட்டம். கட்டடம் கட்டிய கம்பெனியின் பொறியாளரும் வந்திருந்தார். பாறை முகத்தைக் கண்டுபிடித்தவள் என்று சார் என்னையும் அழைத்துப்போனார்.

"கதவு இடிச்சா தச்சரைக் கூப்பிடணும் சார், மலையைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார் அந்தப் பொறியாளர்.

"பழைய அறிக்கை நான் எழுதினது. தப்புன்னு நானே சொல்றேன்" என்றார் சார்.

பதிவாளர் பேனாவை மூடினார். "அன்னிக்கும் நீங்கதான் சரின்னு சொன்னீங்க. இன்னிக்கும் நீங்கதான் தப்புன்னு சொல்றீங்க. நான் எந்த உங்களை நம்பறது?"

புதிதாக ஒரு துளை போட்டுப் பாருங்கள் என்றார் சார். டெண்டர் விட்டு முடிப்பதற்குள் கோடை வந்துவிடுமாம். அரங்கில் இந்த மாதம் பதினெட்டாம் தேதி விளையாட்டுப் போட்டியாம், அதற்கு முன்னால் காலி செய்ய வேண்டுமாம். எங்களுக்குத் தர வேறு இடமில்லை.

"அந்தப் பெட்டியை அடுக்கின ஆள் உயிரோட இருக்காரா?" என்று கேட்டார் பதிவாளர். "அவர் வந்து, களிமண் எந்த ஆழத்துல வந்துச்சுன்னு என் முன்னால எழுதிக் கையெழுத்துப் போட்டா நான் விடுதியைப் பூட்டுறேன். இல்லேன்னா பதினேழாம் தேதி பிள்ளைங்க அவங்கவங்க ரூமுக்குப் போகட்டும்."

வெளியே வந்ததும் சார் சொன்னார்: "நான் கூப்பிட்டா வரமாட்டான். நீ கூப்பிட்டாலும், எனக்காகக் கூப்பிடறேன்னு நினைச்சு வரமாட்டான். இருந்தாலும் எழுதிப் பாரு."

நேற்றும் மழை. குளியலறைச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது, என் சுண்டு விரல் உள்ளே போகிறது. அந்த விடுதியில் நாங்கள் நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். சாருக்காக வரவேண்டாம். எனக்காகக்கூட வேண்டாம். என் அறைத்தோழி நன்றாகத் தூங்குவாள், அப்பா. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 10

மகளுக்கு,

வருகிறேன். போர் வண்டியோடு வருகிறேன். அன்று என் வாய்ச் சொல்லை அங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் இந்த முறை இயந்திரத்தையும் கூட்டி வருகிறேன். பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று போடுவேன். இரண்டு மீட்டரில் என்ன வருகிறது என்று பதிவாளர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்று பார்க்கட்டும்.

முதலாளியிடம் கேட்டேன். "வண்டி எங்க சார் போகுது?" என்றார். "பொண்ணு காலேஜுக்கு." "என்ன, பங்ஷனா?" "இல்ல, சண்டைக்கு." ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீசலை மட்டும் நீங்க போட்டுக்குங்க" என்றார். உன் அம்மா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போவதாகச் சொல்கிறாள். "அங்க போய் அவர அடிச்சுடாதீங்க, அதுக்குத்தான் வரேன்" என்கிறாள். வண்டி ஏற்றத்தில் நடக்கிற வேகத்தில்தான் ஏறும். இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

அவனை நான் மன்னித்துவிட்டதாக யாரிடமும் சொல்லி வைக்காதே. அவன் துண்டுகளைத் திருப்பவில்லை, சரி. 'கவனக்குறைவு' என்று எழுதினானே, அதை மலையா எழுதியது? துளையருகே நாள் முழுக்க நின்றவன் நான். "டேய், ஒருவேளை நீ சொல்றது சரியா இருக்குமோ" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், இருவரும் அந்தச் சரிவில் நாலு அடி இறங்கிப் போய்ப் பார்த்திருப்போம். அவன் கேட்கவில்லை. படித்த படிப்பு அவனைக் கேட்கவிடவில்லை. என்னையும் அது இறங்கிப் பார்க்கவிடவில்லை. மணலைப் பார்த்த மாத்திரத்தில் யாரோ ஏமாற்றியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியதே தவிர, மலையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. மலையைச் சந்தேகித்தவள் நீ. அதைப் பற்றி நேரில் பேசுவோம். பேச வருமா என்று தெரியவில்லை. துறை மாறச் சொன்னதை விட்டுவிடு.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும், அதற்குத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். தன் பெயரை நிலைநிறுத்திய அறிக்கையைத் தன் வாயாலேயே தப்பு என்று சொல்லி, யாரிடமும் கேட்காமல் விடுதியைக் காலி செய்திருக்கிறான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு நாள் யோசித்திருப்பேன். அந்த இரண்டு நாளில் உங்கள் சுவர் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. சுத்தியல் நேர்மையானவன். எழுதிவிட்டேன். எழுதிய பிறகும் அந்த வரியை யாரோ என் கையைப் பிடித்து எழுதவைத்தது போல இருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், எழுத்து என்னுடையதாகத்தான் இருக்கிறது.

பதிவாளர் எத்தனை தாள் நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன், முழுப் பெயரோடு, பெரிதாக, அவன் பார்க்கும்படி. ஆனால் அவனை நல்லவன் என்று சொல்லும் ஒரு தாளின் அடியில் என் பெயரைப் பார்க்க இன்னும் எனக்குத் தெம்பு வரவில்லை. டிரைவர் வாசலில் ஹார்ன் அடிக்கிறான். கையெழுத்து இல்லாமலேயே இதைத் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வண்டி ஏறுகிறேன்.